காலுக்கு இறங்கும் வலி, குறுக்கில் நிற்கும் வலி: ஆபரேஷனா, ஊசியா, காத்திருப்பா?

போன வைகாசியில் அக்காவின் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்தது நான்தான். அக்காவுக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள், பீஸ் ரேட். ஒருநாள் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது குறுக்கில், அதாவது இடுப்பை ஒட்டிய கீழ்முதுகில், சுருக்கென்று பிடித்தது. நாலைந்து நாளில் குறுக்கு வலி கொஞ்சம் விட்டது. ஆனால் இடது பிட்டத்தில் தொடங்கி, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பெருவிரல் வரை ஷாக் அடிப்பது போல ஒரு வலி வந்து சேர்ந்தது. தும்மினால் உயிர் போகும் என்பாள்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம். (எல்3, எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதி முதுகெலும்புகளின் வரிசை எண், எஸ்1 அவற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பு. இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை போல இருப்பது டிஸ்க்.) எல்4-எல்5 இடத்தில் டிஸ்க் பிதுங்கி வெளியே வந்து, இடப்பக்கம் எல்5 நரம்பை அழுத்துகிறது. எல்5-எஸ்1 டிஸ்க் வறண்டு தேய்ந்திருக்கிறது. எல்3-எல்4 லேசாகப் புடைத்திருக்கிறது.

ஒரே வாரத்தில் ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். முதலில் பார்த்த டாக்டர் இந்த வாரமே ஆபரேஷன் என்றார். இரண்டாமவர் முதுகில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். எதிர்வீட்டு அம்மா, பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு மாதம் தரையில் படுத்தால் சரியாகும் என்றார். சித்தப்பா, ஊரில் உருவி விடுகிறவரிடம் கூட்டிப் போகலாம் என்றார். கம்பெனி சூப்பர்வைசர், இனி மெஷினில் உட்காரவே கூடாது என்றார். அக்கா என்னைப் பார்த்து, "நீயே சொல்லு சாமி, நான் எதைப் பண்ணட்டும்?" என்றாள்.

நான் டாக்டர் இல்லை. அக்காவுக்குப் பதில் சொல்வதற்காக இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தவன். அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: எந்த வழி நல்லது என்ற கேள்வியைப் பிறகு கேட்கலாம். எந்த வலிக்கு என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். காலுக்கு இறங்கும் வலியும் குறுக்கிலேயே நிற்கும் வலியும் ஒரே டிஸ்கில் பிறந்தாலும் இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்குச் சரியான வழி மற்றொன்றுக்கு வீண்செலவாகப் போய்விடும்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில அடையாளங்கள் தெரிந்தால் ஒப்பீடு எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது: இவை வால்பகுதி நரம்புக்கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்பதன் அடையாளம். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பாகலாம். நடக்கும்போது பாதம் தொங்கி, செருப்பு நழுவி, அது நாளுக்கு நாள் அதிகமானாலும் காத்திருக்கக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் தணியாத ராத்திரி வலி ஆகியவை சேர்ந்து வந்தால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. புற்றுநோய் இருந்தவர்கள், விழுந்து அடிபட்ட வயதானவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரின் முதுகுவலியும் வேறு கணக்கு. அக்காவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பெருவிரலை மேலே தூக்கும் பலம் சற்றுக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் யோசிக்க எங்களுக்கு நேரம் கிடைத்தது.

டிஸ்க் நழுவுவதில்லை

ஊர்ப்பக்கம் டிஸ்க்கை ஜவ்வு என்பார்கள். "ஜவ்வு விலகிடுச்சு" என்று கேட்டாலே, இரண்டு எலும்புக்கு நடுவே இருந்த வாஷர் ஒன்று நழுவிவிட்டது போலவும், யாராவது தட்டி உள்ளே தள்ளினால் சரியாகிவிடும் போலவும் தோன்றும். உருவி விடுகிறவர்களிடம் கூட்டம் சேர்வது இந்த எண்ணத்தால்தான். உண்மையில் டிஸ்க் மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் நார்களால் இறுகப் பிணைந்திருக்கிறது. அது நழுவ வழியே இல்லை.

வெளியே நார்வளையம், 15 முதல் 25 அடுக்கு. ஒரு அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாயும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு அடுக்கு இழுத்துப் பிடிக்கும். உள்ளே இளநுங்கின் சதை போன்ற ஒரு கூழ். இளவயதில் அதில் 80 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. எதிர்மின்னூட்டம் நிறைந்தது அது. உப்பையும் தண்ணீரையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பகலில் உடல் எடை அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது, ராத்திரி படுத்ததும் டிஸ்க் அதை மறுபடி உறிஞ்சுகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான்.

1999இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்க்குக்குள்ளேயே சென்சார் வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. ராத்திரி தூங்கி எழுவதற்குள் படுத்த நிலையிலேயே அழுத்தம் 0.1இலிருந்து 0.24 ஆக ஏறியிருந்தது. டிஸ்க் தண்ணீர் குடித்து உப்பியதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

இந்தக் கூழுக்கு ரத்தக்குழாய் இல்லை. உடம்பில் ரத்த ஓட்டமே இல்லாத உறுப்புகளில் மிகப் பெரியது டிஸ்க். நடுவில் இருக்கும் செல்லுக்கும் அருகில் உள்ள ரத்தக்குழாய்க்கும் 8 மில்லிமீட்டர் வரை தூரம். எலும்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு வழியாகச் சத்து ஊறித்தான் வர வேண்டும். எவ்வளவு மெதுவாக ஊறுகிறது என்பதைக் காட்டியவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜசேகரனின் குழு, ரத்தத்தில் சாயம் ஏற்றித் தொடர்ச்சியாக எம்ஆர்ஐ எடுத்தது. சாயம் எலும்பில் 5 நிமிடத்தில் உச்சத்தை அடைந்தது. குருத்தெலும்புத் தட்டில் 2 மணி நேரம் ஆனது. கூழின் நடுவில் 6 மணி நேரம். 2004இல் உலக அளவில் இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்குக் கொடுக்கப்படும் பரிசு அந்த வேலைக்குக் கிடைத்தது. அந்தத் தட்டு கெட்டால் டிஸ்க்கின் சாப்பாடு கெடும் என்பது அதிலிருந்து புரிந்தது. 2013இல் அதே குழு 181 பேரைப் பார்த்து, டிஸ்க் பிதுங்குகிறவர்களில் 65 சதவீதம் பேருக்கு நார்வளையம் நடுவில் கிழியவில்லை, தட்டும் எலும்பும் சேரும் இடம்தான் பெயர்ந்திருக்கிறது என்று காட்டியது. திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நடந்த ஆராய்ச்சி இது என்று அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரு தெம்பு வந்தது.

சத்து குறைந்தால் என்ன நடக்கும்? செல்கள் சாகின்றன. மிச்சமிருக்கும் செல்கள் அக்ரிகனைக் கட்டுவதைவிட வெட்டும் என்சைம்களை அதிகமாகச் சுரக்கின்றன. அக்ரிகன் உடைந்தால் தண்ணீர் நிற்காது. இளநுங்கு முற்றிக் கடுக்காயாகிப் போவது போல் கூழ் இறுகுகிறது. எடை கூழை விட்டு வளையத்துக்கு மாறுகிறது, வளையத்தில் விரிசல் விழுகிறது. ஆரோக்கியமான டிஸ்க்கில் நரம்பு வெளிச்சுவரின் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே நின்றுவிடும். 1997இல் இங்கிலாந்தில் ஃப்ரீமாண்ட் குழு, நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் தேய்ந்த டிஸ்க்குகளில் வலியுணரும் நரம்பு இழைகள் உட்பகுதிவரை வளர்ந்திருப்பதைக் கண்டது. குறுக்கிலேயே நிற்கும் வலிக்கு அது ஒரு வழி. தட்டை ஒட்டிய எலும்பு அழற்சி அடைவது இன்னொரு வழி.

இதையெல்லாம் படித்த பிறகு, எல்5-எஸ்1 வறண்டிருக்கிறது என்ற வரியைப் பார்த்து நான் பயந்துதான் போனேன். அந்தப் பயத்தைத் தணித்தது 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்கள் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் புடைப்பு 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84. தலை நரைப்பது போன்ற விஷயம் இது என்று சொன்னால் மிகையில்லை. எனவே அக்கா ரிப்போர்ட்டின் இரண்டாம், மூன்றாம் வரிகள் அவள் வயதுக்காரர்களுக்குச் சாதாரணம். அவளுடைய வலியோடு ஒத்துப்போனது முதல் வரி மட்டும்தான்: எல்5 நரம்பு போகும் பாதையும் அவள் விரல் வைத்துக் காட்டிய வலியின் பாதையும் ஒன்று.

சூப்பர்வைசர் சொன்னதையும் இங்கேயே முடித்துவிடலாம். பின்லாந்தில் ஒரே கரு இரட்டையர்களை, ஒருவர் எடை தூக்கும் வேலையும் மற்றவர் உட்கார்ந்த வேலையும் செய்தவர்களாகப் பார்த்து ஒப்பிட்டபோது, டிஸ்க் தேய்மானத்தில் வேலையின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக இருந்தது. வேறொரு இரட்டையர் ஆய்வு, இடுப்பு டிஸ்க் தேய்மானத்தில் பரம்பரையின் பங்கை 74 சதவீதம் என்று கணக்கிட்டது. "நான் மாடாட்டம் உழைச்சுத்தான் முதுகைக் கெடுத்துக்கிட்டேன்" என்று அக்கா ராத்திரி ராத்திரி அழுதுகொண்டிருந்தாள். அந்தக் குற்றவுணர்வுக்கு ஆதாரம் இல்லை. எங்கள் அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே குறுக்கு.

காலுக்கு இறங்கும் வலி

நரம்பை டிஸ்க் அழுத்துகிறது, அழுத்துவதை வெட்டி எடுத்தால் வலி போகும். 1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் இதை எழுதியதிலிருந்து எல்லோருக்கும் புரிந்த கணக்கு இது. பாதி உண்மைதான். 1993இல் ஸ்வீடனில் ஓல்மார்க்கர் குழு, பன்றியின் நரம்பு வேர்மேல் டிஸ்க்கின் கூழை அழுத்தமே இல்லாமல் வெறுமனே தடவியது. அதற்கே நரம்பின் கடத்தும் வேகம் குறைந்துபோனது. கூழில் இருக்கும் அழற்சிப் பொருட்கள் நரம்பைப் புண்ணாக்குகின்றன. அழுத்தம் பாதி, எரிச்சல் பாதி.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன, மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் வந்து தின்று தீர்க்கின்றன. தொடர் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வின் கணக்குப்படி, முழுதாகத் துண்டாகி விழுந்த கூழ் 96 சதவீதம் பேருக்குத் தானாகச் சுருங்கியது. பிதுங்கி வெளியே வந்தது 70 சதவீதம் பேருக்கு. லேசாகப் புடைத்தது மட்டும் 13 சதவீதம் பேருக்குத்தான். எவ்வளவு பெரிதாக வெளியே வந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கரைகிறது. படம் பயங்கரமாக இருப்பதே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆகக் காலுக்கு இறங்கும் வலியில் ஒப்பிட வேண்டியது நேரத்தை. இதற்கு நான் அதிகம் நம்புவது நெதர்லாந்தில் பெல் குழு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மைக்ரோ டிஸ்க் ஆபரேஷன். மறு பாதிக்குக் காத்திருப்பு, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்கள் பாதிப்பேர் 4 வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களுக்கு அது 12 வாரம் ஆனது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் பிறகு ஆபரேஷனுக்கே போனார்கள். ஒரு வருடம் முடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள்.

இந்த முடிவைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்தில் எல்லாம் ஒன்றுதான், அப்புறம் ஏன் ஆபரேஷன்" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 4க்கும் 12க்கும் நடுவே எட்டு வாரம் இருக்கிறது. மாதச் சம்பளமும் மெடிக்கல் லீவும் உள்ளவருக்கு எட்டு வாரம் சிரமம். பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்ணுக்கு அது இரண்டு மாத வாடகை, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்வது அவசரபுத்தி என்று யாரும் அவளைக் குறை சொல்ல உரிமை இல்லை. அதேபோல், ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று பயமுறுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை.

காத்திருப்புக்கும் எல்லை உண்டு. 2020இல் கனடாவில் வெளியான ஆய்வில், நான்கு முதல் பன்னிரண்டு மாதமாக வலியோடு இருந்த 128 பேரைப் பார்த்தார்கள். இரு பக்கமும் பத்துக்கு எட்டு அளவில் வலியோடு தொடங்கினார்கள். ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் பக்கம் 2.8, மற்றப் பக்கம் 5.2. நாலு மாதம் தாண்டியும் கால்வலி அப்படியே இருந்தால் கரைந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது நஷ்டம்.

ஆபரேஷனில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். கால்வலி வேகமாகப் போகிறது. மரத்துப்போனது மெதுவாகத்தான் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. டிஸ்க்கின் தேய்மானம் அப்படியே இருக்கும், எனவே குறுக்கு வலி போகும் என்று எண்ணிப் போகக் கூடாது. நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்குப் பாதமே தொங்கிவிட்டது. நான்கு நாளில் ஆபரேஷன் செய்தார்கள், இன்று நன்றாக நடக்கிறார். அவருக்கு அதுதான் சரியான வழி. அக்காவுக்கு அதே அவசரம் இல்லை.

ஊசி? வலியுள்ள நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு செலுத்துவது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கைப்படி, கால்வலியை அது நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாக ஐந்து புள்ளி குறைக்கிறது, அதுவும் குறுகிய காலத்துக்கு. சராசரி அப்படி இருந்தாலும் சிலருக்கு நல்ல நிவாரணம் கிடைப்பதை மறுக்க முடியாது. உடம்பு கூழைக் கரைக்கும்வரை தூங்கவும் நடக்கவும் ஒரு கைப்பிடி என்று எடுத்துக்கொண்டால் நியாயம். ஒன்றுக்குப் பிறகு ஒன்றாக மூன்று நான்கு ஊசி என்று போனால் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளில் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது பிரிகாபலின். நம் ஊரில் கால்நரம்பு வலி என்றாலே இதுதான். 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட வலி குறையவில்லை, தலைசுற்றல்தான் அதிகமானது. அக்காவும் தலை சுற்றுகிறது என்றுதான் சொன்னாள், மெஷின் முன்னால் அது ஆபத்து. டாக்டரிடம் பேசி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இந்த மாத்திரையைத் திடீரென்று விடக் கூடாது.

இடையில் ஒரு வரலாறு. 1964இல் அமெரிக்காவில் லைமன் ஸ்மித், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பைன் என்ற என்சைமை டிஸ்க்குக்குள் ஊசியால் செலுத்திக் கூழைக் கரைத்தார். இறைச்சி வேகப் பப்பாளிக் காய் போடுகிற அதே சங்கதி. 1982இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கடுமையான ஒவ்வாமை சிலருக்கு வந்தது, நரம்புக்குப் பாதிப்பும் வந்தது. 2003இல் விற்பனை நின்றது. ஜப்பானில் 2018இலிருந்து காண்டோலியேஸ் என்ற வேறொரு என்சைம் அதே யோசனையில் பயன்பாட்டில் இருக்கிறது. கத்திக்கும் காத்திருப்புக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்ற தேடல் இன்னும் ஓயவில்லை.

குறுக்கிலேயே நிற்கும் வலி

இங்கே கணக்கு வேறு. கரைவதற்கு ஒரு துண்டு இல்லை, எடுப்பதற்கும் இல்லை. தேய்ந்த டிஸ்க் ஒன்றா, இரண்டா, மூட்டா, தசையா, எது வலிக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல முடியாத வலி இது. வந்த புதிதில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். மூன்று மாதம் தாண்டினால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வருகிறது.

படுக்கை ஓய்வை முதலில் ஒதுக்கிவிடலாம். 1995இல் ஹெல்சிங்கியில் 186 ஊழியர்களை மூன்றாகப் பிரித்து, சிலரை இரண்டு நாள் படுக்கவைத்து, சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்து, சிலரை முடிந்த அளவு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். கடைசிக் கூட்டம்தான் சீக்கிரம் தேறியது. கால்வலிக்காரர்களை வைத்து நெதர்லாந்தில் செய்ததிலும் படுக்கையால் லாபம் இல்லை. டிஸ்க்குக்குச் சத்து ஊறிப் போவதை நினைத்தால், ஒரு மாதம் அசையாமல் படு என்று சொல்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

தரையில் படுப்பது நல்லது என்ற நம்பிக்கை எங்கள் வீட்டிலும் ஆழமானது. ஸ்பெயினில் 313 பேருக்கு மெத்தை மாற்றிக் கொடுத்து 90 நாள் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. பாயில் படுத்துப் பழகியவருக்குப் பாய் சுகமாக இருந்தால் சரி, படுக்கட்டும். சிகிச்சை என்று நினைத்துத் தரைக்கு இறங்க வேண்டாம்.

பெல்ட், இடுப்பை இழுக்கும் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் வைத்தல்: நாள்பட்ட முதுகுவலிக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஓபியாய்டு வகை (அபின் போன்று வேலை செய்யும்) வலி மாத்திரைகளும் வேண்டாம் என்கிறது. அது பரிந்துரைப்பது: வலியைப் பற்றிய புரிதல், முறையான உடற்பயிற்சி, சில வகைக் கைச்சிகிச்சை, மசாஜ், மனநல அணுகுமுறைகள், தேவைக்கு அழற்சி எதிர்ப்பு மாத்திரை. சித்தப்பா சொன்ன உருவி விடுகிறவரை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், இளக்கமாக எண்ணெய் தேய்த்து விடுவதில் தப்பில்லை, இதமாகத்தான் இருக்கும். நரம்பு அழுத்தம் இருப்பவரைக் குப்புறப் படுக்கப் போட்டு முதுகில் மிதிப்பதும் வெடுக்கென்று முறுக்குவதும் வேண்டவே வேண்டாம்.

உடற்பயிற்சியில் எது உசத்தி என்று சண்டை நடக்கிறது. யோகாவா, வயிற்றுத் தசைப் பயிற்சியா, பைலேட்ஸா என்று. தொடர்ந்து செய்ய முடிந்ததே உசத்தி என்பேன். காசு செலவில்லாத நடைக்கே நல்ல சாட்சி இருக்கிறது. 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து வெளியான ஆய்வு: முதுகுவலி வந்து தேறியவர்கள், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் போனார்கள். அவர்களுக்கு வலி மறுபடி வருவதற்குச் சராசரியாக 208 நாள் ஆனது. இந்தத் திட்டம் கொடுக்கப்படாத கூட்டத்துக்கு 112 நாள். எங்கள் அம்மாவிடம் சொன்னால், இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று கேட்பார். வேண்டும்தான். ஏனென்றால் இன்றும் முதுகுவலி என்று போனால் நடையைக் குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஃப்யூஷன், இரண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக இணைக்கும் பெரிய ஆபரேஷன். எலும்பு நழுவியிருந்தாலோ முதுகெலும்பு நிலையில்லாமல் ஆடினாலோ அது தேவைப்படும், அதைப்பற்றி நான் பேசவில்லை. தேய்ந்த டிஸ்க், குறுக்கு வலி, அவ்வளவுதான் என்றால் சாட்சி கலவையானது. 2001இல் ஸ்வீடனில் 294 பேரிடம் நடந்த ஆய்வில் ஃப்யூஷன் வழக்கமான பிசியோதெரபியைவிட நன்றாக இருந்தது. ஆனால் 2003இல் நார்வேயில், பயத்தைப் போக்கும் பேச்சும் தீவிரமான பயிற்சியும் சேர்ந்த திட்டத்தோடு ஃப்யூஷனை ஒப்பிட்டபோது வித்தியாசம் காணவில்லை. 2005இல் பிரிட்டனில் 349 பேரிடம் பார்த்ததில் சிறிய வித்தியாசமே இருந்தது. அப்படியானால் ஸ்வீடனில் தோற்றது பிசியோதெரபியா, அல்லது ஏனோதானோவென்று கொடுத்த பிசியோதெரபியா? இரண்டாவது என்றுதான் நான் நினைக்கிறேன். செயற்கை டிஸ்க் வைப்பதை 2011இல் நார்வேயில் 173 பேரிடம் பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் முன்னால் இருந்தது, ஆனால் நோயாளி வாழ்க்கையில் உணரும் அளவு என்று ஆய்வாளர்களே முன்கூட்டி வைத்த கோட்டை அது எட்டவில்லை.

குறுக்கு வலிக்கு மட்டும் யாராவது ஃப்யூஷன் சொன்னால், மூன்று மாதம் ஒழுங்காக, ஆள் மேற்பார்வையில், பயிற்சி செய்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பலருக்குப் பயிற்சி என்றால் பத்து நாள் கரண்ட் வைத்ததும் ஒரு ஜெராக்ஸ் தாளும்தான். அதைச் செய்துவிட்டு "பிசியோ எடுபடல" என்று ஆபரேஷனுக்குப் போவது மனதுக்கு வேதனையாக இருக்கிறது.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவளும் நானும் மூன்றாவதாக ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம். ரிப்போர்ட்டைப் பிறகு பார்க்கிறேன் என்று மேஜையில் வைத்துவிட்டு, முதலில் அவளைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை அழுத்திப் பார்த்தார். பிறகு, "எட்டு வாரம் பார்க்கலாம்மா. வாரம் ஒரு தடவை வந்து விரல் பலத்தைக் காட்டுங்க. அது குறைஞ்சா உடனே ஆபரேஷன், வலி தாங்கலைன்னாலும் ஆபரேஷன். இல்லேன்னா உங்க உடம்பே பார்த்துக்கும்" என்றார். நாங்கள் தேதியைக் காலண்டரில் எழுதி வைத்தோம். தேதி இல்லாத காத்திருப்புக்கு அக்கா சம்மதித்திருக்க மாட்டாள்.

முதல் வாரம் ஐந்து நிமிட நடை, நாளுக்கு நாலு தடவை. ராத்திரி முழங்காலுக்குக் கீழே தலையணை. மூன்றாவது வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். ஆறாவது வாரம் வலி முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. ஒன்பதாவது வாரம் அரை நாள் வேலைக்குப் போனாள், அரை மணிக்கொரு தடவை எழுந்து நிற்கலாம் என்று சூப்பர்வைசரிடம் பேசி வாங்கிக்கொண்டு. பெருவிரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது, விரல் பலம் திரும்பிவிட்டது. வறண்ட எல்5-எஸ்1 அப்படியேதான் இருக்கும். மறுபடி ஸ்கேன் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு டாக்டர் வேண்டாம் என்றார். தண்ணீர்க் குடத்தை இப்போது இடுப்போடு ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கித் தூக்குகிறாள்.